கேன் தண்ணீரில் குளித்த மகனுக்கு

தம்பி,

இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி படிப்பாய், கட்டைவிரல் படம் ஒன்றைப் போடுவாய், வேலைக்குப் போய்விடுவாய். சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டால் "படிச்சேம்மா" என்பாய். அதனால்தான் வெளிநாட்டில் இருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிற இந்த இணைய இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறையில் படுத்துக்கொண்டே இதைப் படிப்பதாக நீயே ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாய். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலாவது வரிக்குள் உனக்குப் புரிந்துவிடும், யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்று. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கும் அம்மா இருப்பாள், அவளிடமும் எதையாவது மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த மாதம் நீ அங்கேயே இன்னும் இரண்டு வருடம் வேலை பார்க்கக் கையெழுத்துப் போடப்போகிறாய். போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். உன் கைக்கு என்ன ஆனது? நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, நீ சும்மா இரு" என்கிறாய். வீடியோவில் வந்தால் மூக்குக்குக் கீழே எதுவும் தெரியாதபடி போனைப் பிடித்துக்கொள்கிறாய். அந்தப் போனைப் பிடித்திருப்பது எந்தக் கை, அந்தக் கை எப்படி இருக்கிறது என்பதுதான் என் கவலை. உனக்குத் தெரியும், நான் சந்தேகப் பிராணி. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் சந்தேகப்படாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்குத்தான் வரும். வருகிற முட்டையை எல்லாம் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பேன். பருப்பு மூட்டையின் வாயைப் பார்த்து ஏமாறாமல் அடியில் கையை விட்டு அள்ளிப் பார்ப்பேன். உன்னைப் பெற்றவள் உன்னிடம் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்?

தை மாதம் நீ லீவில் வந்தாய். வந்த அன்றைக்கே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. தை மாதம்தான் என்றாலும் வீடு நிறைய ஆட்கள், கூடத்தில் புழுக்கம் என்று உன் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், நீ முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சாப்பாடு போட்டால், உனக்காக அலைந்து வாங்கிய கெளுத்தி மீனில் வைத்த குழம்பு, நீ பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தாய். மீன் குழம்புச் சோற்றை ஸ்பூனால் சாப்பிடுகிறவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முள்ளை எடுக்கத் தெரியாமல் ஸ்பூனின் நுனியால் கிளறிக்கொண்டிருந்தாய். உன் சித்தப்பா வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். "தொரை வந்துருக்காரு, கையில தொட மாட்டாரு" என்று நான்தான் ஆரம்பித்துவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டாய், விமானத்தில் வந்த அலுப்பு என்று சொன்னாய். நானும் சரி என்று தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

சனிக்கிழமை வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வாடா என்று எண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தால், வேண்டாம் என்றாய். சின்ன வயதில் எண்ணெயைக் கண்டால் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தவன்தான் நீ, அதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் நான் வற்புறுத்தினபோது, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாயே, அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. நம் வீட்டில் யார் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிறார்கள்? அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்து, நீ அதைத் தள்ளுகிற சத்தம் கொல்லைக்கே கேட்டது. போதாக்குறைக்கு இன்னொரு வேலையும் செய்தாய். குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரில் ஒரு கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். கீழ்வேளூர் வண்டிக்காரரிடம் மறுநாள் இரண்டு கேன் கூடுதலாகக் கேட்டபோது, "என்னக்கா, வீட்ல விசேஷமா?" என்றார். குளிக்க வாங்குகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம், விசேஷம்தான் என்றேன்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உன் கையில் ஏதோ ஒரு பெண்ணின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறாய் என்று நினைத்தேன். முழுக்கைச் சட்டை, தாழ்ப்பாள், எல்லாம் சரியாகப் பொருந்தியது. அந்தப் பெயர் என்னவாக இருக்கும், எந்த ஊராக இருக்கும் என்று அரிசி களைந்துகொண்டே யோசித்தேன். உன் அப்பாவிடம் சொன்னபோது, "எழுதுனா எழுதிட்டுப் போறான், அழிக்கவா முடியும்" என்று பேப்பரைப் புரட்டினார். அவருக்கு எதிலும் பதற்றம் கிடையாது. எனக்கோ நீ திரும்பிப் போவதற்குள் உன் முழங்கைக்குக் கீழே பார்த்துவிட வேண்டும் என்று ஒரே குறி. துணி துவைக்கக் கேட்டேன், நீயே துவைத்துக்கொண்டாய். அதுவும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு. அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டும் எனக்கு உறைக்கவில்லை. பெண் பெயர் என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் அதற்குச் சாட்சியாகத்தான் தெரிகிறது.

நீ போன பிறகு குளியலறை மாடத்தில் ஒரு புட்டி இருந்தது. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டுப்போனாயா என்று முதலில் அதிலேயே ஒரு சந்தேகம். பழுப்பு நிறத்தில் தேன் மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தால் புதினாவும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு நெடி. சுற்றிலும் எழுத்து, இடம் விடாமல் பொடிப்பொடியாக அச்சடித்திருந்தார்கள். இவ்வளவு எழுதினால் அதில் எதையோ ஒளிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காஸ்டைல் சோப் என்று போட்டிருந்தது. ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று எண்ணெய்களின் பெயர்கள். எண்ணெயைச் சேர்த்து எண்ணெயை எடுக்கிற சோப்பா, யார் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் மகன் காசு போட்டு வாங்கினது, வீணாகக் கூடாது. மறுநாள் குளிக்கும்போது உள்ளங்கை நிறைய ஊற்றி உடம்பு பூராவும் தேய்த்தேன்.

நுரை வரவில்லை. நம் போர் தண்ணீரில் எந்தச் சோப்புக்குத்தான் நுரை வந்திருக்கிறது, கடல் பக்கம், உப்புத் தண்ணீர். நுரைக்காததால் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கழுவக் கழுவ வழுவழுப்பாக இருந்து, பிறகு வெள்ளையாகப் படலம் படிந்த மாதிரி மேலே ஒட்டிக்கொண்டது. அது போகட்டும் என்று பீர்க்கங்கூட்டை எடுத்துத் தேய்த்தேன். வெளியே வந்து புடவை மாற்றுவதற்குள் முழங்காலும் கையும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. சிரித்தால் கன்னம் வலித்தது. மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது கையை நீட்டினால், உப்பளத்தில் வேலை பார்த்தவள் கை மாதிரி வெள்ளை வெள்ளையாகச் செதில். ஒரு பெண் குழந்தை, "ஆயா, கையில மாவு ஒட்டிருக்கு" என்றாள். வயசானவர்கள் தோலே ஏற்கெனவே காய்ந்த தோல், அதில் இருந்த கொஞ்சநஞ்சப் பசையையும் நானே உரித்து எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. சோப்பு கலப்படம் என்று முடிவுகட்டிவிட்டேன்.

கலப்படத்தை நிரூபிக்க வேண்டும் அல்லவா? அடுத்த சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, சீயக்காய் கரைத்த கிண்ணத்தில் உன் சோப்பை ஊற்றினேன். காரம் குறையட்டும் என்று அரை எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தேன். சோப்பு அதிகக் காரமாக இருந்தால் எலுமிச்சை அதை அடக்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு. கிண்ணத்தில் இருந்தது என் கண் எதிரிலேயே பால் திரிகிற மாதிரி திரிந்தது. மேலே கட்டி கட்டியாக வெள்ளையாக மிதந்தது, ஒரு எண்ணெய்ப் பிசுக்கு, கீழே தெளிந்த தண்ணீர். உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா? அசலா இருந்தா இப்புடித் திரியுமா?" என்றேன். அவர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "சீயக்காய ஒழுங்கா அரைக்கலையோ என்னமோ" என்று போய்விட்டார். அப்படியும் வீணாக்க மனமில்லாமல் அதையே தலையில் தேய்த்தேன், அந்தப் பிசுக்கை எடுக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டேன். "தம்பி, ஒன்ன நல்லா ஏமாத்திட்டானுவ. அது சோப்பே இல்ல. திரிஞ்சு போச்சு" என்றேன். நீ முதலில் சிரித்தாய். நான் என்னென்ன செய்தேன் என்று கேட்டாய். சொல்லச் சொல்ல உன் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா, இப்ப பேச முடியல, வாய்ஸ்ல அனுப்புறேன்" என்று வைத்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் அனுப்பினாய். அதை நான் அழிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் மனப்பாடமே ஆகிவிட்டது.

"அம்மா, அது கெட்டியா காய்ச்சுன சோப்பு. அப்புடியே ஊத்துனா தோல உரிச்சிரும். ஒரு சொம்புத் தண்ணியில அஞ்சாறு சொட்டு விட்டுக் கலக்கிக்க, அதுவே ஜாஸ்தி. நொரை வரலைன்னு இன்னும் ஊத்தாத. எலுமிச்சம்பழம், சீயக்கா, புளிப்பா எதையும் அதுகூட சேக்காத. அது வெறும் எண்ணெயில செஞ்ச சோப்பு, புளிப்பு பட்டா மறுபடி எண்ணெயாவே பிரிஞ்சு போயிரும். அதான் திரிஞ்சது, சோப்பு மேல தப்பு இல்ல. நம்ம போர் தண்ணியில போட்டா வெள்ளையா படியும். நீ அத சோப்பு போவலன்னு நெனச்சுத் தேப்ப. தேய்க்காத. கடைசிச் சொம்பு மட்டும் கேன் தண்ணி ஊத்திக்க. சுடுதண்ணி வேணாம், வெதுவெதுன்னு இருந்தா போதும். அழுக்கு சேர்ற எடத்துல மட்டும் சோப்பு போடு, மத்த எடத்துக்கு வெறுந்தண்ணி போதும். துண்டால தேய்க்காத, ஒத்தி எடு. ஈரம் காயறதுக்குள்ள தேங்காயெண்ணெய் தடவிக்க. காஞ்சப்புறம் தடவுனா மேலாலயே நிக்கும், உள்ள எறங்காது. வெரல் இடுக்குல வெடிச்ச எடத்துல மட்டும் படாம பாத்துக்க. பட்டா எரியும், பயந்துராத, வெறுந்தண்ணியில கைய வச்சுக்கிட்டே இரு. கொஞ்ச நேரத்துல அடங்கிரும்."

நீ சொன்னபடியே செய்தேன். சொம்பில் சொட்டு விட்டுக் கலக்கி, கழுத்திலும் அக்குளிலும் காலிலும் மட்டும் போட்டு, கேன் தண்ணீரால் அலசி, ஈரத்தோடு எண்ணெய் தடவினேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு வாரத்தில் என் தோல் அடங்கிவிட்டது. வருடா வருடம் பனிக்காலம் தொடங்கிப் பங்குனி வரைக்கும் கெண்டைக்காலைச் சொரிந்துகொண்டே இருப்பேனே, அந்த அரிப்புக்கூட இல்லை. உன் சோப்பு நல்ல சோப்புதான். கலப்படம் என்று நான் ஊரெல்லாம் சொன்னதற்கு, இந்த இதழில் படிக்கிறவர்கள் முன்னால் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் கை அப்படியே நின்றுவிட்டது. என் விரல் இடுக்கில் எதுவும் வெடிக்கவில்லை. வெடித்ததாக நான் உன்னிடம் சொல்லவும் இல்லை. முழங்கால் இழுக்கிறது என்றேன், கன்னம் வலிக்கிறது என்றேன். விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு அந்தக் குரலை வேறு காதால் கேட்டேன். புட்டியில் இருப்பதைப் படித்துவிட்டுச் சொல்கிறவன் இப்படிச் சொல்ல மாட்டான். பட்டால் எரியும், பயந்துவிடாதே, தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே இரு என்கிறவன் அப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். எத்தனை நாள் அப்படி உட்கார்ந்திருந்தாய்? யார் பக்கத்தில் இருந்தார்கள்? கட்டடக் கம்பெனியில், ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வரைபடம் போடுகிற வேலை என்றுதானே சொன்னாய்? கம்ப்யூட்டரைத் தொட்டால் விரல் இடுக்கு வெடிக்குமா? பச்சை குத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். எந்தப் பெயராக இருந்தாலும் சரி, எந்த ஊராக இருந்தாலும் சரி, அதுவாகவே இருக்கட்டும் என்று சாமியிடம் கேட்டேன்.

அந்த வாரம் நம் பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கழிவறை கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் மத்தியானம் சத்துணவுக் கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுவார். சாம்பார் மீதி இருந்தால் நான் ஊற்றுவேன். அன்றைக்கு ஊற்றப் போனபோது, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தார். "என்ன கொத்தனாரே, ஸ்பூனு?" என்றேன். "காரம் பட்டா உசுரு போவுதுக்கா" என்று கையை விரித்துக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ஓரம் கறுத்து, நடுவில் சிவப்பாக இருந்தது. உள்ளங்கைத் தோல் காய்ந்த ஏரிமண் மாதிரி பிளந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலேயும் தடித்துக் கிடந்தது.

"கையுறை போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "போட்டா உள்ளாற சிமெண்டு பூந்துக்கும்க்கா. வேர்வையோட சேந்து அது இன்னும் மோசம். சாயங்காலம் என்ன சோப்புப் போட்டாலும் எரியுது. மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன், சோப்பு என்ன பண்ணும்? காலையில மறுபடியும் அதே கலவையிலதான கைய வைக்கணும்" என்றார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். என் குணம், நிறுத்த மாட்டேன், நீ ஒருவேளை மேற்பார்வைக்கு நிற்கிறாயோ என்று ஒரு நப்பாசையும். "பக்கத்துல நின்னு வேலை வாங்குறவங்களுக்கும் இது வருமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நிக்கிறவனுக்கு எப்புடிக்கா வரும்? கலக்குறவனுக்குத்தான் வரும்" என்றார். அவருக்கு யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று தெரியாது. சாம்பாரை ஊற்றிவிட்டு உள்ளே போய், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். உன் சித்தப்பா வீட்டார் முன்னால் உன்னைத் துரை என்று சொன்னேனே, அதை நினைத்துத்தான் அதிகம் அழுதேன்.

தம்பி, நீ சிமெண்டு கலக்குவது எனக்கு அவமானம் என்று நினைத்தாயா? டிப்ளமோ படித்தவன் கலவை போடுகிறான் என்று தெரிந்தால் அம்மா ஊரில் தலை நிமிர மாட்டாள் என்று நினைத்தாயா? நான் யார் என்று மறந்துவிட்டாய். சத்துணவுக் கூடத்துக்கு வருவதற்கு முன்னால் கூலிக்கு நாற்று நட்டவள் நான். ஐப்பசி மழையில் நாள் முழுக்கச் சேற்றில் நின்று, கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து, நடக்க முடியாமல் குதிகாலால் நடந்து வீட்டுக்கு வருவேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து வைத்தால் எரியும். நீ வாயைக் குவித்துக்கொண்டு ஊதிவிடுவாய். ஊதி முடித்து, "இன்னும் எரியுதா?" என்று கேட்பாய். எரிந்தாலும் இல்லை என்பேன். அந்தக் காலை நான் யாரிடமும் மறைத்தது கிடையாது. தெருவில் எல்லோர் கால்களும் அப்படித்தான் இருந்தன. நீ மட்டும் தனியாக, தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் உட்கார்ந்து உன் கையை நீயே ஊதிக்கொண்டாயா? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது என் அறிவுரையைக் கேட்டுக்கொள். அந்தச் சோப்பைக் குளிக்க வைத்துக்கொள், நீ எனக்குச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் வெடித்த கைக்கு அது மருந்து என்று நம்பாதே. கொத்தனார் சொன்ன பிறகு அந்தச் சோப்பின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை, கீழ்வேளூர் மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். எவ்வளவு நல்ல எண்ணெயில் செய்தாலும் சோப்புக்குக் காரத்தன்மை உண்டு, புண்ணில் போட்டால் ஆறாது, தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான், டாக்டர் என்று அனுப்பினால் மாத்திரை விற்குமே என்று. ஆனாலும் கொத்தனாரும் அவரும் சொல்வது ஒத்துப்போகிறது. எது புண்ணாக்குகிறதோ அதை விட்டுக் கையை எடுக்காமல், சொட்டு விட்டுக் குளித்தும் கேன் தண்ணீரில் அலசியும் நீ உன்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய். தோலை இத்தனை பக்குவமாகப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டவனுக்கு, அந்த வேலையை விடுவது மட்டும் ஏன் தோன்றவில்லை?

ஏன் என்றும் எனக்குத் தெரியும். மதகடி வயல். நான் யாருக்கெல்லாம் கூலிக்கு நட்டேனோ அவர்களில் ஒருவருடைய வயல், இப்போது பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்துகொண்டு விற்கிறார்கள். அதை நம் பெயருக்குப் பட்டா மாற்றி அம்மாவை வரப்பில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று நீ சொன்னாய். கேட்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதலில் பாய்கிற வயல் அது. கடைமடை என்று ஊர் பூராவும் காய்ந்து கிடக்கும்போதும் அதில் மட்டும் பச்சை இருக்கும். இப்போதுகூட அதில் உளுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். இன்னும் இரண்டு வருடம் நீ கையெழுத்துப் போட்டால் அது நம்முடையது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, உன் கையை அதில் சேர்க்காமல் போட்டால்.

நேற்று சாயங்காலம் அந்த வயல்காரர் வீட்டுக் காரியஸ்தரைப் போய்ப் பார்த்தேன். மதகடி வயல் எங்களுக்கு வேண்டாம், கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். "தம்பி கண்டிப்பா வாங்குறேன்னு சொன்னிச்சேம்மா, அதுக்காகத்தான நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார். "அவன் சொன்னான். நான் வேணாங்கிறேன்" என்றேன். என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார். வயலில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அங்கேயே இன்னொருவருக்குப் போன் போட்டு வயலைப் பேசி முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் எதற்கும் பதறாதவர் என்று சொன்னேனே, எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார். வெகு நேரம் கழித்து உள்ளே வந்து, "வயல வாங்கி வச்சுக்கிட்டு மம்முட்டி புடிக்கப் புள்ளைக்குக் கை இல்லன்னா அது என்னத்துக்கு?" என்றார்.

ஆகையால் தம்பி, நீ அங்கே இருப்பதற்குச் சொல்லிக்கொண்டிருந்த காரணம் நேற்றோடு போய்விட்டது. என்னிடம் கோபித்துக்கொள், போனை எடுக்காமல் இரு, எனக்கு ஒன்றும் ஆகாது. இதைப் படித்த பிறகும் அடுத்த மாதம் அந்தக் காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டால், என்னிடம் மறைக்க உனக்கு இன்னும் ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன். அப்படி இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு இங்கே வந்துவிடு. அங்கே வைத்துக்கொண்டு தனியாக இருக்காதே.

உன் அம்மா